ரிவ்யூ எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிக்ஸி, கிரைண்டர், குக்கர் என்று வீட்டுச் சாமான்களுக்கு வெகுகாலமாக ரிவ்யூ எழுதி வருகிறேன். நாங்கள் ஆரம்பத்தில் செய்த தவறுகளையே புதிதாக எழுதுகிறவர்களும் செய்கிறார்கள். ‘சூப்பர்’, ‘வேஸ்ட்’ என்று ஒரே வார்த்தையில் முடிப்பதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

கூரியர் கோபத்தைப் பொருள்மேல் காட்டுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. என் சித்திக்கு ஒரு டேபிள்டாப் கிரைண்டர் வேண்டியிருந்தது. கோயம்புத்தூரில் சின்ன அளவில் தயாரிப்பவர்களுடைய மாடல் ஒன்றைச் சொன்னேன். நல்ல கல், மாவு நன்றாகப் பொங்கி வரும். சித்தி போனை எடுத்து முதலில் ஒரு நட்சத்திர ரிவ்யூக்களைத்தான் பார்த்தார். வாங்குகிறவர்கள் பலரும் அப்படித்தான். ‘நாலு நாள் லேட்’, ‘அட்டைப்பெட்டி நசுங்கியிருந்தது’, ‘டெலிவரி பையன் மாடி ஏற மாட்டேன் என்றான்’. கல்லைப் பற்றியோ பெல்ட்டைப் பற்றியோ ஒரு வரிகூட இல்லை. சித்தி பயந்துபோய் வேறொன்று வாங்கினார். அதில் உளுந்து திப்பிதிப்பியாக நிற்கிறது.

ஆயிரக்கணக்கில் ரிவ்யூ உள்ள பெரிய கம்பெனிக்கு ஒரு நட்சத்திரம் குறைந்தால் ஒன்றும் தெரியாது. ஐந்தே பேர் எழுதியிருக்கும் பொருளில் நாலு பேர் 5 கொடுத்து நீங்கள் 1 போட்டால், நேர்ச் சராசரி 4.2க்கு இறங்கிவிடும். அமேசானில் ஒரே பொருளைப் பல விற்பனையாளர்கள் விற்கலாம்; ஒருவர் மோசமாகக் கட்டி அனுப்பியதற்கு எல்லோருடைய வியாபாரமும் அடிபடும். விற்பனையாளரைப் பற்றிச் சொல்ல அங்கே தனி இடமே இருக்கிறது. அங்கே எழுதுங்கள்.

சரி, பெட்டிக்குள் தெர்மாகோலே சரியாக வைக்காமல் டிரம் நெளிந்து வந்தால்? அது தயாரித்தவர் தவறு. அதைக் கட்டாயம் பொருளின் ரிவ்யூவிலேயே எழுத வேண்டும்.

பெட்டி பிரித்த அன்றே எழுதுவது

புதுக் கிரைண்டரில் முதல் சில ஈடுகளில் கல்பொடி வரும். ஒரு மாதமாவது அரைத்துவிட்டு எழுதுங்கள்.

அளவு சொல்லாமல் குறை சொல்வது

‘மோட்டார் சூடாகிறது’ என்றால் யாருக்கும் உதவாது. எத்தனை லிட்டர் கிரைண்டர், எவ்வளவு உளுந்து, எத்தனை நிமிடம்? ‘2 லிட்டர், கால் கிலோ உளுந்து, 30 நிமிடம், கருகிய வாடை’ என்றால் படிப்பவர் தன் வீட்டு அளவோடு ஒப்பிட்டுக்கொள்வார்.

காசு வாங்கிக்கொண்டு எழுதுவது

வேண்டாம். விலைக்கு வாங்கிய ரிவ்யூக்களை வெளியிடக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் கொண்டுவந்த ஐஎஸ் 19000 தரமும் சொல்கிறது.

எழுதியதை மறந்துவிடுவது

கம்பெனி பழுது பார்த்துக் கொடுத்தாலும், ஆறு மாதத்தில் பெல்ட் அறுந்தாலும் பழைய ரிவ்யூவைத் திருத்துங்கள்.