புஷ்பேக்: ஹெட்செட் அணிந்து நிற்பவருக்கான வழிகாட்டி

முனையக் கட்டடத்தை நோக்கி மூக்கை வைத்து நிற்கும் பயணிகள் விமானத்தை ஒரு டிராக்டர்தான் பின்னோக்கித் தள்ளி வெளியே கொண்டுவருகிறது. இதுவே புஷ்பேக். விமானத்தின் பின்புறம் விமானிக்குத் தெரியாது. தரைக் கட்டுப்பாட்டிலிருந்து அவருக்கு வரும் அனுமதி பெரும்பாலும் கீழே நிற்பவருக்குக் கேட்காது. இவ்விருவரையும் இணைப்பது, மூக்குச் சக்கரத்தின் அருகே செருகப்பட்ட ஹெட்செட் வழியே நடக்கும் பேச்சு. அந்தப் பேச்சின் மையமான கேள்வி எப்போதும் ஒன்றே: இந்தக் கணத்தில் விமானத்தைப் பிடித்து நிறுத்தியிருப்பது பார்க்கிங் பிரேக்கா, டிராக்டரா?

தள்ளத் தொடங்கும் முன் விமானத்தை ஒருமுறை முழுவதும் சுற்றி வாருங்கள். கதவுகள் மூடியுள்ளனவா, பயணிகள் ஏறும் பாலமான ஏரோபிரிட்ஜ் விலகிவிட்டதா, மின்கேபிள் கழற்றப்பட்டதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். வேறொருவர் சொன்னதை நம்பி விட்டுவிடாதீர்கள். டிராக்டரையும் மூக்குச் சக்கரத்தையும் இணைக்கும் தண்டான டோ பார் அந்த விமான வகைக்கு உரியதுதானா என்றும், அதிலுள்ள ஷியர் பின்கள் என்னும் ஊசிகள் பழுதின்றி இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அளவுக்கு மீறிய விசை வந்தால் மூக்குச் சக்கரக் காலைக் காப்பதற்காகத் தாம் முதலில் உடைய வேண்டியவை அவை. அடுத்தது, விமானத்தின் ஸ்டீயரிங்கிலிருந்து மூக்குச் சக்கரத்தை விடுவித்து வைக்கும் ஊசியான ஸ்டீயரிங் பைபாஸ் பின். சிறிய பொருள்தான் என்றாலும், அதைச் செருக மறந்தால் ஹைட்ராலிக் அழுத்தம் ஏறியதும் மூக்குச் சக்கரம் தானாகத் திரும்பி, டோ பாரை வீசியடித்து, அருகில் நிற்பவரின் காலை முறித்துவிடக் கூடும்.

சக்கரக் கட்டைகளை, அதாவது சாக்குகளை, டிராக்டர் முறையாக இணைக்கப்பட்டு, பார்க்கிங் பிரேக் போடப்பட்டிருப்பதை விமானி சொன்ன பிறகே எடுக்க வேண்டும். புஷ்பேக் அனுமதி கிடைத்ததும், மூக்கு எத்திசை நோக்கி நிற்க வேண்டும் என்பதை விமானி உங்களுக்குச் சொல்வார். அதை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். வெறுமனே "ஓகே" என்பது பதிலாகாது. பிறகு "கன்ஃபர்ம் பிரேக்ஸ் ரிலீஸ்டு" என்று கேளுங்கள். "பிரேக்ஸ் ரிலீஸ்டு" என்ற சொற்கள் காதில் விழும்வரை டிராக்டர் ஓர் அங்குலம்கூட நகரக் கூடாது. கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் பேசிக்கொண்டிருப்பதால் விமானி உடனே பதில் தராமல் இருக்கலாம். அந்த மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் பழக்கம் அனுபவசாலிகளிடமே அதிகம் ஒட்டிக்கொள்வதை நான் கவனித்திருக்கிறேன்.

விமானம் நகரும்போது டிராக்டர் ஓட்டுநரின் கண்கள் இறக்கை நுனிகளில் நிற்கும் விங் வாக்கர்கள்மீது இருக்க வேண்டும். அவர்கள் மார்ஷலிங் கோல்களை, அதாவது சைகைக் கோல்களை, தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தால் நிறுத்துங்கள்; அவர்களில் ஒருவர் பார்வையிலிருந்து மறைந்தாலும் நிறுத்துங்கள். மூக்குச் சக்கரத்தைத் திருப்பும் கோணத்துக்கும் எல்லை உண்டு. போயிங் 737 விமானத்தில் அது 78 டிகிரி. மூக்குச் சக்கரக் கதவிலுள்ள சிவப்புக் கோடு அதைக் காட்டும். எஞ்சினை இயக்க விமானி அனுமதி கேட்டால், சுற்றுப்புறத்தை நேரில் பார்க்காமல் இசைவு தராதீர்கள். அதே 737-இல் எஞ்சின் ஐடில் எனப்படும் மிகக் குறைந்த வேகத்தில் சுற்றும்போதே முன்புறம் சில மீட்டர்வரை ஆளை இழுக்கும் அபாயம் உண்டு. பின்புறக் காற்றின் அபாயம் அதைவிடப் பல மடங்கு தூரம் நீளும்.

ஹெட்செட் இணைப்பு நடுவில் அறுந்தால் வண்டியைப் படிப்படியாக நிறுத்தி, முன்பே பேசி வைத்த கைச்சைகைகளுக்கு மாறுங்கள். திடீரென பிரேக் அடித்தால் டோ பாரே உடையக் கூடும். அப்படி உடைந்துவிட்டால் ஓட்டுநர் டிராக்டரை விலக்கிக்கொள்ள, நீங்கள் விமானியிடம் பிரேக்கை மென்மையாகப் போடச் சொல்லுங்கள். பின்னோக்கி ஓடும் விமானத்தில் வலுவாகப் பிரேக் போட்டால் மூக்கு தூக்கி வால் தரையில் மோதும் அபாயம் உண்டு. இடி மின்னலின்போது கம்பியுள்ள ஹெட்செட்டைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

வேலை முடிந்துவிட்டது என்று மனம் தளரும் நேரத்தில்தான் ஆபத்து மிகுதி. 2015 டிசம்பர் 16 அன்று மும்பையில், தள்ளி முடிக்கப்பட்ட ஏர்பஸ் ஏ319 விமானம் ஒன்று, தரைப் பணியாளர்கள் விலகும் முன்பே நகர, மூக்கருகே நின்றிருந்த தொழில்நுட்பப் பணியாளர் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். ஆகவே டிராக்டர் நின்றதும் "பிரேக்ஸ் செட்" என்ற பதிலைப் பெற்ற பின்பே டோ பாரைக் கழற்றுங்கள். பைபாஸ் பின்னை உருவி எடுத்து, எந்தப் பக்கத்தில் சைகை காட்டுவீர்கள் என்பதை விமானியிடம் சொல்லிவிட்டு ஹெட்செட்டைப் பிடுங்குங்கள். ஓடும் எஞ்சினுக்கு முதுகு காட்டாமல் முன்புறமாகவே விலகி நடந்து, விமானியின் முகம் தெரியும் தொலைவில் நில்லுங்கள். சிவப்புப் பட்டி தொங்கும் அந்தப் பின்னை உயர்த்திக் காட்டி, உடன் வந்தவர்கள் அனைவரும் விலகிவிட்டதை எண்ணிப் பார்த்த பிறகே கட்டைவிரலை உயர்த்துங்கள். விமானி கையசைத்தோ விளக்கைச் சிமிட்டியோ பதில் தரும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.