ரேக்ளா வண்டி ஏன் திரும்பி ஓடுகிறது? கேமரா வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து ரேக்ளா பந்தய வீடியோக்களில் அடிக்கடி கண்ணில் படும் குறை இது. ஒரு ஷாட்டில் வண்டி இடமிருந்து வலமாகப் பாயும். அடுத்த ஷாட்டில் அதே வண்டி வலமிருந்து இடமாக வரும். காளைகள் மிரண்டு திரும்பிவிட்டனவோ என்று தோன்றும். விஷயம் ஒன்றுமில்லை, இரண்டு பேர் தடத்தின் இரண்டு பக்கமும் நின்று எடுத்திருப்பார்கள்.

வண்டி ஓடும் பாதையை ஒரு கோடாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரே பக்கத்தில், 180 டிகிரிக்குள், எத்தனை கேமரா வைத்தாலும் திசை மாறாது. இது தெரிந்தவர்களே தவறுவதற்குக் காரணம் பெரும்பாலும் வெயில்தான். வண்டிகள் வடக்கு நோக்கி ஓடினால், காலையில் கிழக்குப் பக்கம் நின்றால்தான் நம் பக்கத்துக் காளை மேல் வெளிச்சம் விழும். மதியத்துக்கு மேல் மேற்கே போகத்தான் தோன்றும். போகலாம், தப்பில்லை. காலை எடுத்ததையும் மாலை எடுத்ததையும் கலந்து வெட்டும்போதுதான் வம்பு.

கலந்துதான் ஆக வேண்டும் என்றால், வண்டி நேராகக் கேமராவை நோக்கி வரும் ஷாட் ஒன்றை நடுவில் செருகுங்கள். அதில் இடம், வலம் கிடையாது என்பதால் அடுத்த ஷாட்டில் திசை மாறினாலும் உறுத்தாது. (அதற்காகத் தடத்துக்குள் போய் நிற்காதீர்கள், சாமி! ஓரமாகத் தள்ளி நின்று ஜூம் செய்தால் போதும்.) எடிட்டிங்கில் படத்தை இடவலமாகத் திருப்பிப் போடும் குறுக்குவழி வேண்டவே வேண்டாம். பேனர் எழுத்து மாறிவிடும். வலது காளை இடது காளையாகிவிடும், மாட்டுக்காரர் பார்த்தவுடன் பிடித்துவிடுவார்.

பேட்டியிலும் இதே கோடுதான், ஆனால் அது இருவர் பார்வைக்கும் நடுவே ஓடுகிறது. ஈரோட்டுப் பக்கம் ஒரு மஞ்சள் விவசாயி திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார், உங்களிடம் இருப்பது ஒரே கேமரா. அவர் பேசி முடித்த பிறகு கேள்வி கேட்டவரைத் தனியாக எடுக்கிறீர்கள். பின்னணி அழகாக இருக்கிறதே என்று அப்போது எதிர்ப்பக்கம் போனால் இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவார்கள். விவசாயியின் லுக், அதாவது பார்வை போகும் திசை, திரையில் வலப்பக்கம் என்றால், கேட்பவரின் லுக் இடப்பக்கம் இருக்க வேண்டும். திண்ணையில் இருப்பவர் குனிந்து பார்த்தால், கீழே நாற்காலியில் இருப்பவர் நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

பக்கம் சரியாக இருந்தும் வெட்டும் இடத்தில் படம் துள்ளுகிறதா? ட்ரைபாடைக் கொஞ்சமாக நகர்த்தியிருப்பீர்கள். அடுத்த ஷாட்டுக்குக் குறைந்தது 30 டிகிரியாவது நகருங்கள், மிட் ஷாட்டிலிருந்து (இடுப்புக்கு மேல்) க்ளோஸப் (முகம் மட்டும்) என்று அளவையும் சேர்த்து மாற்றுங்கள்.