கால்பந்து சீசன் தொடங்கும் முன் பெற்றோர் கூட்டம்: நான் நடத்தும் விதம்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் கால்பந்து அணிக்குப் பெயர் கொடுக்கும் பிள்ளைகளுக்குப் பஞ்சமே இருக்காது. ஜூலை பாதியில் பார்த்தால் பல பேரை மைதானத்தில் காணோம். பிள்ளைகளுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று நாமும் சொல்லிவிடுவோம். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. வீட்டில் யாராவது "விளையாண்டது போதும், டியூஷனுக்குப் போ" என்று சொல்லியிருப்பார்கள். இல்லையென்றால் அண்ணனுடைய பழைய பூட்ஸ் குதிகாலைக் கடித்திருக்கும். இல்லையென்றால் பசி. இதெல்லாம் ஒரே கூட்டத்தில் பேசித் தீர்த்துவிடக்கூடியவை. கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியை. புதிதாக அணிப் பொறுப்பு எடுக்கிற உடற்கல்வி ஆசிரியத் தம்பி தங்கைகளுக்காக, அந்தக் கூட்டத்தை எப்படி நடத்துவது என்று எழுதுகிறேன்.

"பெற்றோர் ஒத்துழைப்புத் தர வேண்டும்" என்று பேசினால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எந்த நாள், எத்தனை மணி, என்ன பொருள், வீட்டில் யார் செய்வது என்று சொன்னால்தான் நடக்கும். அன்று ராத்திரியே வீட்டில் செய்யக்கூடியதை மட்டும் பேசுங்கள்.

எப்போது, எங்கே

எங்கள் பிள்ளைகளில் பலர் தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு மீனவர் வீட்டுப் பிள்ளைகள். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். அது முடிந்த உடனே அப்பாக்கள் கடலுக்குப் போய்விடுவார்கள். அதனால் பள்ளி திறப்பதற்கும் ஜூன் 14-க்கும் நடுவில் எந்த ஞாயிறு கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்வேன். ஞாயிறு காலை வேண்டாம், மீன் வியாபாரத்துக்குப் போகும் அம்மாக்களால் வர முடியாது. மாலை 5 மணி என்றால் சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிறவர்களும் பாதிப் பேராவது வந்துவிடுவார்கள். உங்கள் ஊரில் நெல் அறுவடையோ முந்திரியோ எது வேலைக்காலமோ, அதைப் பார்த்து நாள் குறியுங்கள்.

பிள்ளையிடம் துண்டுச்சீட்டுக் கொடுத்தால் அது புத்தகப் பையோடு நின்றுவிடும். போன் செய்து கூப்பிடுங்கள். கூப்பிடும்போது, "வீட்ல யார் சொன்னா பிள்ளை கேட்கும்?" என்று கேளுங்கள். பல வீடுகளில் ஆயா, அதாவது பாட்டி, என்று பதில் வரும். அப்படியானால் ஆயாவையும் அழைத்துவரச் சொல்லுங்கள். சாயங்காலம் பிள்ளைக்குச் சோறு போடுகிறவரும் கொலுசைக் கழற்றச் சம்மதிக்க வேண்டியவரும் அவர்தான்.

இடம் மைதானம்தான், வகுப்பறை வேண்டாம். வகுப்பறையில் உட்கார்ந்தால் மார்க் பற்றிய பேச்சு வந்துவிடும். மரத்தடியில் நாற்காலி போட்டு, பெரியவர்களை உட்காரவைத்து, பிள்ளைகளை அவரவர் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நிறுத்துங்கள். நான் பேசுவதைப் பிள்ளையும் பெற்றோரும் ஒன்றாகக் கேட்டால், பிறகு "மிஸ் அப்படிச் சொல்லவே இல்லை" என்ற பேச்சு எழாது.

வரவேற்பு

பெரிய உரை தேவையில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி முன்னே அழைத்து, அந்தப் பிள்ளையிடம் நீங்கள் பார்த்த ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லுங்கள். "இவ இடது காலாலயும் பாஸ் கொடுப்பா." "இவன் பந்தை விட்டுட்டா நின்னு பார்க்க மாட்டான், திரும்ப ஓடி வருவான்." புதுப் பிள்ளையாக இருந்தால் இதற்காகவே முதல் வாரம் உடற்கல்வி வகுப்பில் கவனித்து வையுங்கள். தன் பிள்ளையைப் பற்றிப் பள்ளியில் ஒருவர் எல்லோர் முன்னாலும் நல்லதாகச் சொல்லிச் சில பெற்றோர் அதுவரை கேட்டிருக்கவே மாட்டார்கள். முகம் மாறுவது தெரியும். அதற்குப் பிறகு நீங்கள் கேட்பதைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

முதல் பதினொன்றில் யார் என்பதை மட்டும் அன்று பேசாதீர்கள். பயிற்சி ஆட்டங்களில் எல்லோரும் ஆடுவார்கள், பக்கத்துப் பள்ளிகளோடு ஆடும் குறுவட்டப் போட்டியில் எல்லோருக்கும் இடம் கிடைக்காது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அதை ஜூனில் சொன்னால் நியாயமாகத் தெரியும், ஆகஸ்டில் சொன்னால் ஓரவஞ்சனையாகத் தெரியும்.

செருப்பு வைத்து ஒரு பாடம்

கூட்டத்தில் நான் தவறாமல் செய்கிற ஒன்று இது. வந்தவர்களின் செருப்புகளை ஒரு பாக (இரண்டு கையையும் விரித்த அளவு) இடைவெளியில் எட்டு பத்து வரிசையாக வைப்பேன். ஒரு பிள்ளை பந்தைக் காலால் உருட்டி, செருப்பில் படாமல் வளைந்து வளைந்து போய்த் திரும்பி வர வேண்டும். முதல் தடவை போகும்போது பெரியவர்கள் எல்லோரும் வாய்க்கு வந்த யோசனையைக் கத்தலாம். "வேகமாப் போ", "வலப்பக்கம் பார்", "அடி, அடி!" பிள்ளை தலையைத் தூக்கி அப்பாவைப் பார்க்கும், பந்து செருப்பில் இடித்து ஓடிவிடும். இரண்டாம் தடவை யாரும் பேசக் கூடாது. அதே பிள்ளை, அதே பந்து. கண் பந்துக்கும் செருப்புக்கும் நடுவிலேயே இருக்கும், கால் தானாகச் சின்னச் சின்னத் தப்படியாக மாறும். முடித்து வந்ததும் பிள்ளையிடமே கேளுங்கள், எது சுலபமாக இருந்தது என்று.

இதைப் பார்த்த பிறகு, கோட்டுக்கு வெளியே நின்று கத்துவதைப் பற்றி நீங்கள் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரே விதியைச் சொன்னால் போதும்: கைதட்டலாம், பெயர் சொல்லி உற்சாகப்படுத்தலாம், எங்கே அடிப்பது என்று சொல்வது பயிற்சியாளர் வேலை. நடுவரைத் திட்டுவது கூடவே கூடாது. அங்கே விசில் ஊதுகிறவர் பெரும்பாலும் பக்கத்துப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். அவருக்கும் வீட்டில் பிள்ளை இருக்கிறது.

சாமான்கள்

பூட்ஸ் வாங்கும்போது கால்பந்து சாக்ஸைப் போட்டுக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும். சாயங்காலம் கடைக்குப் போங்கள், அப்போது பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்குமேல் இடம் இருக்கக் கூடாது. அடுத்த வருஷத்துக்கும் ஆகும் என்று இரண்டு அளவு பெரிதாக எடுத்தால் கொப்புளம்தான். எங்கள் மைதானம் போன்ற இறுகிய மண் தரைக்குக் அடியில் குட்டையான ரப்பர் ஸ்டட்ஸ் (குமிழ்கள்) இருந்தால் போதும், இரும்பு ஸ்டட்ஸ் வேண்டாம். வசதி இல்லாத வீடு என்று தெரிந்தால் கூட்டத்தில் அதைப் பேசாதீர்கள். முந்தைய வருஷத்துப் பிள்ளைகளின் நல்ல பூட்ஸைச் சேகரித்து வைத்து, தனியாகக் கூப்பிட்டுக் கொடுங்கள்.

முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் காக்கும் ஷின் கார்டு கட்டாயம், அது ஆட்ட விதியிலேயே இருக்கிறது. நகையும் விதிப்படி கூடாது. கம்மல், மூக்குத்தி, கொலுசு, காப்பு எதையும் டேப் சுற்றி மறைத்துக்கொண்டு ஆட முடியாது. இந்த இடத்தில் ஆயாக்கள் கட்டாயம் கேட்பார்கள், "காது தூர்ந்துபோகாதா?" பல வருஷத்துக்கு முன் குத்திய காது ஒரு ஆட்ட நேரத்தில் தூர்ந்துவிடாது, ஆடி முடித்ததும் போட்டுவிடலாம். புதிதாகக் காது குத்தப் போகிறீர்கள் என்றால் சீசன் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். சாமிக்கயிறைப் பற்றிக் கொஞ்சம் மரியாதையாகப் பேசுங்கள். ஆட்ட நேரத்துக்கு மட்டும் கழற்றி அம்மா கையில் கொடுத்து வைக்கலாம் என்றால் ஒத்துக்கொள்வார்கள்.

சாப்பாடும் தண்ணீரும்

மதியம் 12:30-க்குச் சாப்பிட்ட பிள்ளை 4:45-க்கு ஓடினால் கால் மணியில் துவண்டுவிடும். பையில் ஒரு வாழைப்பழமோ ஒரு கை சுண்டலோ போதும், நான்கு மணிக்குச் சாப்பிட்டுவிட வேண்டும். போட்டி நாளில் ஆட்டத்துக்கு இரண்டரை மூன்று மணி நேரம் முன்னால் இட்லி கொடுங்கள், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். ஆடி முடித்ததும் முட்டை, வேர்க்கடலை, சோறு, எது வீட்டில் இருக்கிறதோ அது.

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் அவரவர் பாட்டிலில். ஜூன் மாதத்தில் கடல்காற்று ஏறும்வரை எங்கள் பக்கம் சாயங்காலமும் அனல்தான். உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. ஓஆர்எஸ் பாக்கெட் வாங்கினால் அதில் எழுதிய அளவுத் தண்ணீரிலேயே முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும்.

அடிபட்டால்

கணுக்கால் பிசகியதும் எங்கள் ஊரில் முதலில் நினைப்பது சுளுக்கு வழிக்கிறவரைத்தான். முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெய் போட்டு அழுத்தி நீவக் கூடாது, உள்ளே கசிவு அதிகமாகி வீக்கம் ஏறும். ஐஸைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம் வைத்து, காலை உயர்த்திப் போடுங்கள். துறைமுகம் பக்கத்தில் ஐஸுக்கா பஞ்சம். காலை ஊன்றவே முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும்.

தலையில் அடி என்றால் பேரமே கிடையாது. "நல்லாதான் இருக்கேன் மிஸ்" என்று பிள்ளை சொன்னாலும் அன்று ஆட்டம் முடிந்தது. வாந்தி, குழப்பமான பேச்சு, தூங்கி வழிதல் இருந்தால் நேராக மருத்துவமனை. அமெரிக்காவில் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்று 2015-லேயே விதி கொண்டுவந்தார்கள். நானும் சின்னப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித் தருவதில்லை.

"பத்து நிமிஷம் லேட்டானால் என்ன" என்று கேட்கிறவர்களுக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. முதல் 20 நிமிடம் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் 11+ என்ற உடல் சூடேற்றும் பயிற்சி, மொத்தம் 15 அசைவுகள். காயம் குறைய வேண்டும் என்பதற்காகவே உருவாக்கியது. அதைத் தவறவிட்ட பிள்ளையை நான் ஆட்டத்தில் இறக்குவதில்லை.

பெண் பிள்ளைகளின் வீட்டாரிடம்

அம்மாக்களை மட்டும் தனியாக ஒரு பத்து நிமிடம் அழையுங்கள். மாதவிடாய் நாட்களில் ஆடலாமா, நிக்கருக்குள் லெக்கிங்ஸ் போடலாமா, வெளியூர்ப் போட்டியில் யார் கூட வருவார், கழிப்பறை இருக்குமா. இவற்றை அப்பாக்கள் முன்னால் கேட்கமாட்டார்கள், கேட்காமலேயே பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். முடிந்தால் ஆடலாம், வலித்தால் உட்காரலாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்று சொல்லுங்கள். இருட்டும் முன் வீட்டுக்கு அனுப்புவதாக நேரம் சொல்லி வாக்குக் கொடுத்தால், ஒரு நாள்கூடத் தவறக் கூடாது.

பத்தாம் வகுப்பு வந்துவிட்டதே என்பார்கள். நம் கடலூரிலிருந்து இந்திய அணிக்கு ஆடப் போன இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையிலும் பணியில் சேர்ந்தவர் என்பதை நான் சொல்வேன். அதோடு நிறுத்திக்கொள்வேன். விளையாட்டு ஒதுக்கீட்டைக் காட்டி ஆசை மூட்டுவது நியாயமில்லை, எல்லாச் சான்றிதழுக்கும் வேலை கிடைக்காது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி, தேர்வுக்கு முன் எந்த வாரம் விடுப்பு என்பதைத் தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். அது அவர்களுக்கு அதிகம் உதவும்.

காகிதங்கள்

பள்ளி விளையாட்டில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவு. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவு மூன்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். வித்தியாசம் இருந்தால் திருத்த நாளாகும். எங்கள் பக்கம் குறுவட்டப் போட்டி பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் வந்துவிடும். வயதைக் குறைத்துக் காட்டலாமா என்று யாராவது கேட்டால், முடியாது என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

கூட்டம் முடிந்ததும் வராதவர்கள் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, மறுநாளே ஒவ்வொரு வீட்டுக்கும் பேசுங்கள். போனை எடுக்காத வீட்டுக்கு நேரில் போங்கள். போகும்போது பயிற்சி நேரம் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு, அந்தப் பிள்ளையையும் கூட அழைத்துப் போங்கள், பிள்ளையைப் பற்றிச் சொல்ல வைத்திருந்த நல்ல வார்த்தையை அங்கே சொல்லுங்கள்.