‘மில்லி’ என்று மட்டும் சொல்லாதீர்கள்: மருந்தகத்தில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

சென்ற மாதம் எங்கள் மருந்தகத்துக்குப் பயிற்சிக்கு வந்த பெண் ஒருத்தி, தேநீர் இடைவேளையில் தன் குறிப்பேட்டை என்னிடம் நீட்டினாள். "அக்கா, எல்லாம் சரியாக இருக்கிறதா, கொஞ்சம் பாருங்கள்." அழகான கையெழுத்து. இதய மருந்துக்குச் சிவப்பு, சர்க்கரை மருந்துக்குப் பச்சை என்று ஐந்து வண்ண மை. குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப் என்ற வரிக்கு எதிரே "120" என்று மட்டும் எழுதியிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. மருந்தக டெக்னீஷியனாக நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் குறிப்பேட்டிலும் அந்த வரி அப்படியேதான் இருந்தது. அதற்கு நான் கொடுத்த விலையைப் பிறகு சொல்கிறேன்.

காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும், நோயாளியின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் ஒத்துப் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் முதல் நாளே சொல்லித் தந்துவிடுவார்கள், சுவரிலும் ஒட்டியிருக்கும். தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களும் அலமாரி முன் நின்றவுடன் வழுக்கும் இடங்கள் வேறு. அவற்றில் பெரும்பாலானவற்றில் நானே வழுக்கியிருக்கிறேன்.

வாலைப் பிடித்துக்கொண்டு ஓடுவது

மருந்துப் பெயர்களுக்கு வால் உண்டு என்பது வகுப்பில் கற்கும் முதல் வித்தை. ‘பிரில்’ என்றும் ‘சார்டன்’ என்றும் முடிந்தால் ரத்த அழுத்தம். ‘ஸ்டாட்டின்’ என்றால் கொழுப்பு. ‘பிரசோல்’ என்றால் வயிற்று அமிலம். நல்ல வித்தைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நிஸ்டாட்டின் பூஞ்சைத் தொற்றுக்கான மருந்து. கொழுப்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அரிபிபிரசோல் மனநல மருந்து. அதை நெஞ்செரிச்சல் மாத்திரை என்று ஒருவரிடம் விளக்கிவிட்டால் அவர் உங்களை எப்படிப் பார்ப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

தலையை நம்பலாமா என்றால், அதுவும் கிடையாது. லெவோதைராக்சின் தைராய்டுக்கு, லெவோஃபிளாக்சசின் கிருமித் தொற்றுக்கு. கார்பிமசோலும் தைராய்டுக்குத்தான், கார்பமசெபின் வலிப்புக்கு. அவசரத்தில் கண் பெயரின் முதல் நான்கைந்து எழுத்தைத்தான் பார்க்கிறது. மீதியை மனம் தானாக நிரப்பிக்கொள்கிறது.

பெயரை எண்ணோடு சேர்த்து மனனம் செய்யுங்கள் என்று நான் நச்சரிப்பதற்குக் காரணம் இதுதான். கிளிபிசைட், கிளிக்லசைட் இரண்டுமே சர்க்கரை மாத்திரைகள். பெயரும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஆனால் கிளிபிசைட் 5 மில்லிகிராம், சாதாரண கிளிக்லசைட் 80 மில்லிகிராம். சீட்டில் கிளிபிசைட் 80 என்று கண்டால் உள்ளே மணி அடிக்க வேண்டும். கார்பமசெபின் 200 பழகிய கைக்குக் கார்பமசெபின் 5 என்பது அபஸ்வரமாகவே கேட்கும்.

எண்ணும் கைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரலசினும் அரிப்புக்கான ஹைட்ராக்சிசினும் 25 மில்லிகிராமில் வருகின்றன. ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட ஜோடிகளில் வேறுபடும் எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடுவார்கள். தமிழில் பெரிய எழுத்து கிடையாது. தமிழில் குறிப்பெடுக்கும் பிள்ளைகளை, அந்த எழுத்துகளின் கீழ் சிவப்பு மையால் கோடு போடச் சொல்கிறேன்.

அமெரிக்கப் பெயர்கள்

கைபேசியில் கிடைக்கும் மருந்து அட்டைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் செய்தவை. அவற்றை மனனம் செய்துவிட்டு வந்த ஒரு தம்பி, அல்புடெரால் எந்தத் தட்டில் என்று கால் மணி நேரம் தேடினார். நம் ஊரில் அது சால்புடமால். அங்கே அசிட்டமினோஃபென் என்பது இங்கே பாராசிட்டமால். அங்கே கிளைபுரைட், இங்கே கிளிபென்கிளமைட். சிங்கப்பூரில் பிரிட்டிஷ் வழக்கே பெரும்பாலும் நிலைத்திருக்கிறது. படிப்பதற்கு முன் அட்டை எந்த நாட்டுச் சரக்கு என்று பாருங்கள்.

பெட்டியின் நிறம்

மாறும். விநியோகிக்கும் நிறுவனம் மாறிய வாரமே மாறும்.

‘மில்லி’

இதைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழர்களாகிய நாம் மில்லிகிராமையும் மில்லி என்கிறோம், மில்லிலிட்டரையும் மில்லி என்கிறோம். "ஐந்நூறு மில்லி மாத்திரை" என்பார் பாட்டி. "ஐந்து மில்லி மருந்து" என்பார் அதே பாட்டி. வீட்டில் அதனால் குடி முழுகிவிடாது. மருந்தகத்தில் முழுகும். ஒன்று எடை, மற்றது கொள்ளளவு. மாத்திரையைப் பொறுத்தவரை எடை மட்டும் தெரிந்தால் போதும். சிரப் அப்படியில்லை, எத்தனை மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்று இரண்டும் சேர்ந்தால்தான் அதற்குப் பொருள். "120" என்பது பாதி வாக்கியம். "ஐந்து மில்லிலிட்டரில் நூற்றிருபது மில்லிகிராம்" என்பதே முழு வாக்கியம்.

இனி என் கதை. வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருக்கும். காய்ச்சல், இருமல் என்று சின்னஞ்சிறுசுகள் வரிசையாக வந்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமைக் காலை. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு மருத்துவர் ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம் பாராசிட்டமால் எழுதியிருந்தார். கிலோவுக்கு 15 மில்லிகிராம், கணக்குச் சரி. எங்களிடம் வழக்கமாக இருந்தது 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் சிரப். அதில் 180 என்றால் 7.5 மில்லிலிட்டர். அந்த 7.5 எனக்குப் பாடமாகியிருந்தது. அன்று காலையிலேயே இரண்டு குழந்தைகளுக்கு அதே அளவு எழுதியிருந்தேன். ஆனால் முந்தைய வாரம் அந்தச் சரக்குத் தீர்ந்துபோய், தட்டில் 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம் சிரப் வந்து உட்கார்ந்திருந்தது. புட்டியில் கொட்டை எழுத்தில் 250 என்று இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் லேபிளில் 7.5 என்றே போட்டேன்.

சரிபார்த்தவரும் அன்று ஐந்து பேர் வேலையை ஒருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து போய்விட்டது. அரை மணி நேரம் கழித்து, அடுத்த குழந்தைக்காக அதே புட்டியைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. 7.5 மில்லிலிட்டரில் இருப்பது 375 மில்லிகிராம். கேட்டதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். தொலைபேசியில் அந்த அம்மாவைப் பிடிக்க நான்கு முறை அழைக்க வேண்டியிருந்தது. எம்ஆர்டி ரயிலில் இருந்திருக்கிறார், சத்தத்தில் கேட்கவில்லை. கடைசியில் எடுத்தவர் சொன்னார்: "இப்போதுதான் ஒரு வேளை கொடுத்தேன், ஏன் தங்கச்சி?"

மருத்துவர் அந்த அம்மாவிடம் பேசினார். ஒரு வேளையோடு நின்றதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நாளுக்கு நான்கு வேளை அப்படியே போயிருந்தால் 1,500 மில்லிகிராம், கிலோவுக்கு 125. ஒரு வேளைக்கு 15 என்று நான்கு வேளை கொடுத்தால் 60தான். அதைப் போல் இரு மடங்கு, மூன்று நான்கு நாள் என்றால் கல்லீரல் என்ன ஆகும் என்று அன்று இரவு முழுவதும் கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். அறிக்கை எழுதினேன், விசாரணையில் உட்கார்ந்தேன். அதெல்லாம் மறந்துவிட்டது. அந்த "ஏன் தங்கச்சி" மட்டும் மறக்கவில்லை.

என் எரிச்சல் எதில் என்றால், புதியவர்கள் இதையே வேறு வேறு உருவத்தில் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். ஒரு பையன் 180ஐ 120ஆல் வகுத்தான், 1.5 வந்தது, லேபிளில் 1.5 மில்லிலிட்டர். ஐந்தால் பெருக்க மறந்துவிட்டான். குழந்தைக்குக் கிடைத்திருக்கக் கூடியது 36 மில்லிகிராம். காய்ச்சல் அசைந்துகூடக் கொடுத்திருக்காது. "கால்குலேட்டரில் போட்டுத்தான் பார்த்தேன் அக்கா" என்றான். கால்குலேட்டர் என்ன செய்யும்? நீ கேட்டதற்குச் சரியாகத்தான் சொன்னது. நீ கேட்டதுதான் தவறு.

இன்னொருத்தி சொட்டு மருந்தையும் சிரப்பையும் ஒன்றாகவே நினைத்தாள். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து ஒரு மில்லிலிட்டரிலேயே 100 மில்லிகிராம் அடங்கியது. அதில் 7.5 என்று போட்டிருந்தால் 750 மில்லிகிராம். நல்ல வேளையாக அந்தச் சின்னப் புட்டியில் 15 மில்லிலிட்டர்தான் இருந்தது. இரண்டே வேளையில் தீர்ந்துவிடுமே என்று அவளுக்கே சந்தேகம் வந்து என்னிடம் கேட்டாள். சந்தேகம் வந்ததற்காக அவளுக்கு அன்று மதியம் நான்தான் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் எந்தப் புட்டியை எடுத்தாலும் முதலில் ஒரு மில்லிலிட்டருக்கு இறக்கியாக வேண்டும். 120ஐ ஐந்தால் வகுத்தால் 24. 250 என்றால் 50. சொட்டு மருந்து 100. பிறகு வேண்டிய 180ஐ அந்த எண்ணால் வகுக்க வேண்டும்:

180 ÷ 24 = 7.5 மி.லி.
180 ÷ 50 = 3.6 மி.லி.
180 ÷ 100 = 1.8 மி.லி.

வகுப்பில் சொல்லித் தரும் சூத்திரமும் இதே விடையைத்தான் தரும், மறுக்கவில்லை. ஆனால் சூத்திரத்தில் எண்கள் இடம் மாறி உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதில் தெரியும். மருந்து கெட்டியாக ஆக, அளவு குறைந்துகொண்டே வர வேண்டும். கெட்டியான புட்டியை எடுத்தும் அளவு கூடினாலோ மாறாமல் இருந்தாலோ லேபிளை அச்சிடாதே.

‘மில்லி’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு என் மேசையில் தடை. மில்லிகிராம் என்று வாய் நிறையச் சொல்ல வேண்டும், மில்லிலிட்டர் என்று வாய் நிறையச் சொல்ல வேண்டும். தமிழ் பேசும் தாய்மாரிடம் சொல்லும்போதும் அப்படித்தான்; கூடவே, அளவு குழாயில் எந்தக் கோடு வரை இழுக்க வேண்டும் என்று பேனாவால் குறித்துக் காட்ட வேண்டும். "எத்தனை கரண்டி?" என்று கேட்பார்கள். கரண்டியில் பதில் சொல்லாதீர்கள். என் வீட்டு இழுப்பறையில் இருக்கும் தேக்கரண்டிகளில் எந்த இரண்டும் ஒரே அளவு கொள்வதில்லை.

பூஜ்யம்

அரை என்றால் 0.5, முன்னால் பூஜ்யம் இல்லாத புள்ளி கண்ணுக்குத் தப்பினால் 5. ஐந்து என்றால் 5. பின்னால் புள்ளியும் பூஜ்யமும் போட்டால் யாராவது 50 என்று படிப்பார்கள்.

மைக்ரோகிராம்

மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒன்று. லெவோதைராக்சின் 50 என்றால் 50 மைக்ரோகிராம். அலகு இல்லாத எண்ணை என்னிடம் கொண்டுவர வேண்டாம்.

ஓஎம், ஓஎன்

மருந்துச் சீட்டில் ஓஎம் என்றால் காலை, ஓஎன் என்றால் இரவு. ஓர் எழுத்துதான் வித்தியாசம். நீர் பிரியும் மாத்திரையைக் காலைக்குப் பதில் இரவில் போட்டுக்கொண்ட பெரியவர் ஒருவர், இரவெல்லாம் கழிவறைக்கு நடந்ததைத் தேதி வாரியாக எனக்கு விவரித்தார். வரிசை நீண்டுகொண்டே போனது. அவர் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

வாரம் ஒரு முறை

மெத்தோட்ரெக்சேட் மூட்டு வாதத்துக்கு வாரத்தில் ஒரே நாள். 2.5 மில்லிகிராம் மாத்திரை நான்கு, நான்கு வாரத்துக்கு என்றால் மொத்தம் 16. தினமும் நான்கு என்று கணக்கிட்டு உங்கள் தட்டில் 112 இருந்தால் எண்ணுவதை நிறுத்திவிட்டு எழுந்து நில்லுங்கள்.

எத்தனை நாளுக்கு?

பெருக்கல் வாய்பாடு தெரிந்தவர்களே இங்கே சறுக்குகிறார்கள். மூன்று மாதம் என்பதைப் பன்னிரண்டு வாரமாக எடுத்தால் 84 நாள். முப்பது முப்பதாக எடுத்தால் 90. பலதுறை மருந்தகத்தில் அடுத்த சந்திப்பு பதின்மூன்றாவது வாரத்தில் என்றால் 91. தேக்காவில் கடை வைத்திருக்கும் ஓர் ஐயா, சந்திப்புக்கு ஒரு வாரம் முன்பே காலிப் பெட்டியோடு வந்து நின்றார். "நான் ஒரு மாத்திரைகூடக் கூடுதலாகச் சாப்பிடவில்லையே அம்மா" என்றார். உண்மைதான். கணக்குப் பிழை எங்களுடையது. எண்ணத் தொடங்கும் முன் சந்திப்புத் தேதியைப் பாருங்கள்.

இன்சுலின் இதைவிட வேடிக்கை. காலை 18 அலகு, மாலை 12 அலகு, ஒரே கலவை இன்சுலின், 30 நாளுக்கு. பயிற்சியாளர் உடனே சொல்வார்: நாளுக்கு 30, மாதத்துக்கு 900, ஓர் இன்சுலின் ஊசிப் பேனாவில் 300 அலகு, ஆக மூன்று பேனா. சுத்தமாக வகுபடுகிறது அல்லவா? அதனாலேயே யாரும் மறுமுறை பார்ப்பதில்லை. ஆனால் ஊசி போடும் முன் ஒவ்வொரு முறையும் 2 அலகைக் காற்றில் தள்ளிப் பார்க்க வேண்டும் என்று நாம்தான் நோயாளிக்குச் சொல்லித் தருகிறோம். நாளுக்கு இரண்டு முறை, 4 அலகு. 30 அல்ல, 34. மாதத்துக்கு 1,020. மூன்று பேனா இருபத்தேழாம் நாளே தீர்ந்துவிடும்.

"3.4 பேனா வருகிறதே அக்கா, என்ன செய்வது?" என்று கேட்டாள் ஐந்து வண்ண மைக்காரி. பேனாவை வெட்டிக் கொடுக்க முடியாது. நான்கு எடுத்து வை என்றேன்.