சிறுகதையையும் அதன் படத்தையும் ஒப்பிட்டு எழுதுவது எப்படி: ஆலிஸ் மன்றோ கதை ஒன்றை வைத்து

"கதை நல்லதா, படம் நல்லதா" என்ற கேள்வியை முதலில் ஓரமாகத் தூக்கி வையுங்கள். தக்கலையில் எங்கள் வீட்டுக்கு செமினார் எழுத உதவி கேட்டு வரும் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் தொடங்குவார்கள். பக்கத்து வீட்டுப் பெண், பி.ஏ. இங்கிலீஷ் கடைசி வருஷம், "டீச்சர், புக்குதான் பெஸ்ட்னு முடிச்சிரலாம்லா?" என்றாள். "அத உங்கிட்ட யாரு மக்ளே கேட்டா?" என்றேன். ரிட்டயர் ஆனாலும் வாய் ரிட்டயர் ஆகவில்லை.

அவள் கொண்டுவந்தது கனடா எழுத்தாளர் மன்றோவின் 'தி பேர் கேம் ஓவர் தி மவுண்டன்'. 1999 கடைசியில் நியூயார்க்கர் இதழில் வந்து, 2001-ல் தொகுப்பில் சேர்ந்த கதை. சாரா பாலி 2006-ல் அதை 'அவே ஃப்ரம் ஹெர்' என்று படமாக்கினார். ஃபியோனாவுக்கு மறதி நோய். கணவர் கிராண்ட், ஒரு காலத்தில் மாணவிகளோடு தொடர்பு வைத்திருந்த பேராசிரியர். அவளை மெடோலேக் என்ற இல்லத்தில் சேர்க்கிறார். முதல் 30 நாள் யாரும் போய்ப் பார்க்கக் கூடாது என்பது அங்கே விதி. அது கழிந்து போனால், ஆப்ரி என்ற இன்னொரு நோயாளியை விட்டு அவள் நகர மாட்டேன் என்கிறாள். உங்கள் கட்டுரையிலும் கதைச் சுருக்கம் இவ்வளவு போதும்.

கதையை முதலில் படியுங்கள், படம் அப்புறம். படத்தை முதலில் பார்த்தால், ஃபியோனாவாக நடித்த ஜூலி கிறிஸ்டியின் முகம் ஒட்டிக்கொள்ளும். பிறகு எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அவர்தான் நிற்பார். படிக்கும்போது கையில் பென்சில் இருக்கட்டும். யாரும் வாய் திறந்து சொல்லாமல் கிராண்டின் மனசுக்குள் மட்டும் ஓடுகிற இடங்களுக்கெல்லாம் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். கோடு நிறைய விழும். அவர் நினைவில் எது வருகிறதோ, அதைத் தனக்குச் சாதகமாக எப்படி வளைத்துக்கொள்கிறாரோ, அதுதான் நமக்குக் கிடைக்கும் கதை. படம் பார்க்கும்போது அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தேடுங்கள்: எது காணாமல் போனது, எது வசனமானது, யார் வாய்க்குப் போனது?

கடைசிக் கேள்விதான் முக்கியம். மாணவிகள் விவகாரம் கதையில் கிராண்டின் நினைவாகவே வருகிறது. ஃபியோனாவுக்கு எவ்வளவு தெரியும் என்பது நமக்குச் சரியாகப் பிடிபடாது. அதனால் அவள் ஆப்ரியோடு ஒட்டிக்கொள்ளும்போது, இது நோயா, விளையாட்டா, பழிவாங்கலா என்று கிராண்டோடு சேர்ந்து நாமும் முழிக்கிறோம். படத்தில், இல்லத்துக்குப் போகும் வழியில் காரில் உட்கார்ந்துகொண்டு ஃபியோனாவே அந்தப் பழைய காலத்தைப் பேசிவிடுகிறாள். மறந்து போக வேண்டிய மனுஷிக்கு, மறக்க வேண்டியது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது! கதையில் குற்றத்தை அவர் தனக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். படத்தில் சாவி அவள் கையில். என்னைக் கேட்டால் இந்த ஒரு மாற்றத்தை வைத்தே கட்டுரை முழுவதும் எழுதலாம். கதை வந்தபோது மன்றோவுக்கு 68 வயது, படம் எடுத்தபோது பாலிக்கு 27. மனைவிக்குப் பேச இடம் கொடுத்தது சின்னவர் என்பதையும் யோசித்துப் பாருங்கள். ஆஸ்கர் பரிந்துரையை ஒரு வரியில் தாண்டிவிடுங்கள், அது வாதம் ஆகாது.

அடுத்து, ஒரே ஒரு காட்சியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் எடுக்கச் சொல்வது முதல் சந்திப்பு. கிராண்ட் பூவோடு வருகிறார். ஃபியோனா சீட்டாட்ட மேஜையிலிருந்து எழுந்து வந்து, புதிதாக வந்தவரை விசாரிப்பது போல மரியாதையாகப் பேசி, டீ வேண்டுமா என்கிறாள். அப்புறம் ஆப்ரி பக்கம் திரும்பிப் போய்விடுகிறாள். என் மாமியாருக்கு மறதி வந்த காலத்தில், கொல்லத்திலிருந்து வந்த சொந்த மகனிடம், "இருங்க, மரச்சீனி அவிச்சிருக்கு, தின்னுட்டுப் போலாம்" என்று ஊருக்குப் புதியவரை உபசரிப்பது போலச் சொன்னார். மகன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். கோபித்திருந்தால்கூடத் தேவலை. அந்த மரியாதைதான் அறுக்கும். கதையில் இந்த இடத்தில் கிராண்ட் என்ன நினைக்கிறார் என்று வாக்கியங்கள் இருக்கின்றன. படத்தில் அவை இருக்காது. கேமரா யார் முகத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது, யார் முதுகு தெரிகிறது, எப்போது சத்தம் அடங்குகிறது என்று நிறுத்தி நிறுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். 'உருக்கமாக இருந்தது' என்று எழுதினால் நான் அந்த வரியை அடித்துவிடுவேன்.

கால வரிசையையும் பாருங்கள். ஆப்ரியை அவர் மனைவி மரியன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுகிறாள்; ஃபியோனாவைப் பார்க்க அவரை மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்க மரியனை கிராண்ட் தேடிப் போகும் காட்சிகளைப் படம் முன்கூட்டியே இடையிடையே வெட்டி வைக்கிறது. கதையில் அது பின்பகுதியில்தான். படம் பார்ப்பவருக்கு, இந்த ஆள் எங்கேயோ ஒரு பேரத்துக்குப் போகிறார் என்ற சந்தேகம் சீக்கிரமே வந்துவிடும்.

மரியனை விட்டுவிடாதீர்கள், மாணவர்கள் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆப்ரியை நிரந்தரமாக இல்லத்தில் வைத்தால் வீட்டை விற்க வேண்டிவரும் என்பது அவள் கணக்கு. வீட்டையும் விளையையும் விற்று வைத்தியம் பார்த்த குடும்பங்கள் நம் ஜில்லாவில் எத்தனை! அவளைக் கல்நெஞ்சக்காரி என்று எழுதும் முன் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். கதை கிராண்டையும் மரியனையும் போனில் அவள் விட்டுவைத்த தகவல்கள் வரை கொண்டுவந்து நிறுத்திக்கொள்கிறது. படம் படுக்கை வரை போகிறது. அதற்குப் பிறகு ஆப்ரியை ஃபியோனாவிடம் கிராண்ட் அழைத்துப் போவது அன்பா, கொடுக்கல் வாங்கலா? இரண்டு வடிவத்துக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிப் பாருங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக வந்தால், பென்சிலை எடுத்துக்கொண்டு மறுபடி கதைக்குப் போங்கள்.