கணவாய் எடை ஏன் 36271? ஜிடிபி வைத்துப் பிழை பிடிப்பது எப்படி

பாம்பனில் மீன் வாங்கும் கம்பெனி வைத்திருக்கும் என் மாமாவிடம் ஒரு சின்ன சி நிரல் இருக்கிறது. ஏலம் முடிந்ததும் படகு எண், எடை, மீன் பெயர், கிலோ விலை என்று காற்புள்ளி போட்டு ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைப்பார்கள். நிரல் அதைப் படித்து எந்தப் படகுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தரும். எழுதிக் கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார். நிரலில் இரண்டு கோளாறுகள். சில நாள் பாதியிலேயே நின்றுவிடும். சில நாள் ஒழுங்காக ஓடும், ஆனால் கணவாய் மீன் எடை மட்டும் 36271 கிலோ என்று காட்டும்.

“மருமகனே, தென்கடலும் வடகடலும் சேர்த்துப் பிடிச்சாலும் ஒரு நாளைக்கு இவ்வளவு கணவா என் கொட்டகைக்கு வராது. என்னன்னு பாருப்பா” என்றார் மாமா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும், கணக்கும் குறைவு. அந்த நேரத்தில் ஜிடிபியை (நிரலை நிறுத்தி உள்ளே பார்த்துப் பிழை பிடிக்க உதவும் கருவி) கொண்டு இரண்டையும் கண்டுபிடித்தோம். அதே வழியை இங்கே எழுதுகிறேன். டெர்மினலைத் திறப்பது, ஜிசிசி கொண்டு நிரலை கம்பைல் செய்வது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

ஏன் ஜிடிபி?

1986இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்காக எழுதத் தொடங்கிய கருவி இது, இன்றும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. பொத்தானை அமுக்கிப் பிழை பிடிக்கிற பெரிய மென்பொருள்கள் நிறைய உண்டு. ஆனால் கொட்டகையில் இருக்கிற பழைய கணினியில் அவை திறக்கவே நேரம் ஆகும். தங்கச்சிமடத்திலிருந்து அந்தக் கணினிக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்தால், மொபைல் சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் ஜிடிபி வேலை செய்யும். தொடங்குபவர்கள் இதிலேயே தொடங்கட்டும் என்பது என் உறுதியான கருத்து. நிரல் உள்ளே எப்படி ஓடுகிறது என்பதை இது மறைக்காமல் காட்டும்.

கம்பைல் செய்யும்போது

உபுண்டுவில் ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஜிடிபி’ போதும். அப்புறம் நிரலை ‘-ஜி’ சேர்த்து மறுபடி கம்பைல் செய்யுங்கள். இது இல்லாவிட்டால் ஜிடிபிக்கு உங்கள் வரி எண்ணும் தெரியாது, மாறிகளின் பெயரும் தெரியாது. கூடவே ‘-ஓ0’வும் சேருங்கள் (பெரிய எழுத்து ஓ, பக்கத்தில் பூஜ்யம்). மேக்ஃபைலில் (கம்பைல் கட்டளைகளை எழுதி வைக்கும் கோப்பு) ‘-ஓ2’ இருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் கம்பைலர் வேகத்துக்காக வரிகளை மாற்றி அடுக்கிவிடும். மாறியைக் கேட்டால் ‘ஆப்டிமைஸ்ட் அவுட்’ என்று பதில் வரும்.

முதல் கோளாறு: பாதியில் நிற்பது

‘ஜிடிபி ஏலம்’ என்று தட்டினால் உள்ளே போய்விடுவீர்கள் (ஏலம் என்பது நம் நிரலின் பெயர்). கணக்குக் கோப்பின் பெயரை இங்கே கொடுக்கக் கூடாது. உள்ளே போன பிறகு ‘ரன்’ என்று தட்டி அதற்குப் பக்கத்தில் கொடுக்க வேண்டும்.

நிரல் ஓடி, ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ (தொடக் கூடாத நினைவகத்தைத் தொட்ட பிழை) என்று நிற்கும். வெளியே ஓடும்போது இதோடு எல்லாம் முடிந்துவிடும். ஜிடிபிக்குள் நிரல் நின்ற இடத்திலேயே உறைந்து நிற்கும், நினைவகம் அப்படியே இருக்கும். கேள்வி கேட்க வேண்டியதுதான் பாக்கி.

இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். நின்ற இடத்தின் பெயரோடு ஏதோ ஒரு கோப்பின் பெயரைக் காட்டி, ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று ஒரு வரி வரும். உடனே கணக்குக் கோப்பைக் காணோம் என்று நினைத்து ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடப் போய்விடாதீர்கள். அது உங்கள் கோப்பே இல்லை. நிரல் நின்றது சி நூலகத்துக்குள், எழுத்தை எண்ணாக மாற்றும் செயற்கூறில். அந்த நூலகத்தின் மூல நிரல் உங்கள் கணினியில் இல்லை, அதைக் காட்ட முடியவில்லை என்று மட்டுமே ஜிடிபி சொல்கிறது. நூலகத்தில் பிழை இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். அதற்கு யார் எதைக் கொடுத்து அனுப்பினார்கள் என்பதுதான் கேள்வி.

அதற்கு ‘பேக்ட்ரேஸ்’ தட்டுங்கள். ‘பிடி’ என்றாலும் போதும். யார் யாரை அழைத்து இங்கே வந்து சேர்ந்தது என்று வரிசை வரும். பூஜ்யம் எண்ணிட்ட வரி நின்ற இடம், கடைசி வரி ‘மெயின்’. மேலே உள்ள ஒன்றிரண்டு வரிகள் நூலகத்துடையவை. அதற்குக் கீழே முதன்முதலாக ‘ஏலம்.சி’ என்ற பெயரும் வரி எண்ணும் வருகிற இடம்தான் நமக்கு வேண்டியது. ‘அப்’ என்று தட்டத் தட்ட, அழைத்தவரிடம் ஒவ்வொரு படியாகப் போவீர்கள். திரையில் பட்டியல் கீழ்நோக்கிப் போகும், கட்டளையின் பெயர் மட்டும் ‘அப்’. முதலில் குழப்பும், பழகிவிடும்.

நம் செயற்கூறுக்கு வந்ததும் ‘இன்ஃபோ லோக்கல்ஸ்’. உள்ளே இருக்கிற எல்லா மாறிகளும் மதிப்போடு வரும். விலையைச் சுட்ட வேண்டிய சுட்டி (பாயின்டர்) பூஜ்யமாக இருந்தது. அப்புறம் ‘பிரின்ட் வரி’ என்று கேட்டோம். காற்புள்ளி இருந்த இடங்களில் எல்லாம் \000 நின்றது, ஏனென்றால் வரியைத் துண்டு போடும் ‘எஸ்டிஆர்டாக்’ காற்புள்ளியை அழித்து அங்கே பூஜ்யம் வைக்கும். படகு எண் இருக்கிறது, எடை இருக்கிறது, இறால் இருக்கிறது. விலை இல்லை.

மாமாவிடம் கேட்டதும் விளங்கிவிட்டது. விலை படியாத மீனுக்கு விலையை எழுதாமல் காற்புள்ளியோடு விட்டுவிடுவார்கள், சாயங்காலம் எழுதிக்கொள்ளலாம் என்று. துண்டு கிடைக்காததால் ‘எஸ்டிஆர்டாக்’ பூஜ்யச் சுட்டியைத் தந்தது, நிரல் அதைச் சோதிக்காமல் எண்ணாக மாற்ற அனுப்பியது. துண்டு பூஜ்யமா என்று பார்த்து, ‘விலை பாக்கி’ என்று அச்சிட ஒரு நிபந்தனை சேர்த்ததும் சரியாகிவிட்டது.

இரண்டாவது கோளாறு: 36271

இது கடினமானது. நிரல் நிற்கவே இல்லை, அதனால் பேக்ட்ரேஸ் கேட்க இடமே இல்லை. நாமே நிறுத்த வேண்டும்.

நிரலில் ‘பதிவு’ என்று பொதுவான (குளோபல்) ஒரு ஸ்ட்ரக்ட் இருந்தது, பல மாறிகளை ஒன்றாகக் கட்டி வைப்பது. அதில் முதலில் 16 பைட் பெயர், அடுத்து எடை, அடுத்து விலை. வரியைப் படிக்கும்போது முதலில் எடையைப் போட்டு, அப்புறம் ‘எஸ்டிஆர்காப்பி’ கொண்டு பெயரை நகலெடுத்து, கடைசியில் விலையைப் போடும். அன்றைய கோப்பில் கணவாய் இருந்தது ஏழாவது வரி. ஒவ்வொரு வரிக்கும் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நிபந்தனையோடு நிறுத்தலாம்: ‘பிரேக் 42 இஃப் எண் == 7’. 42 என்பது எடை போடும் வரி, ‘எண்’ என்பது கோப்பில் எத்தனையாவது வரி என்று எண்ணும் மாறி. அப்புறம் ‘ரன்’.

நின்றதும் ‘பிரின்ட் பதிவு.எடை’ கேட்டால் முந்தைய மீனின் எடையைக் காட்டும். இது ரொம்ப முக்கியம், நிதானமாகப் படியுங்கள். ஜிடிபி காட்டுகிற வரி இனிமேல் ஓடப்போகிற வரி. அது இன்னும் ஓடவில்லை. ‘நெக்ஸ்ட்’ தட்டிய பிறகுதான் அதன் பலன் தெரியும். இதைப் பிடித்துக்கொள்ளாதவர்கள் எல்லா மதிப்பும் ஒரு வரி தள்ளித் தெரிகிறது என்று குழம்பி, சரியாக இருக்கிற வரியைப் போய் மாற்றுவார்கள்.

‘நெக்ஸ்ட்’ தட்டியதும் எடை 12. சரியான எடை. இப்போது ‘வாட்ச் பதிவு.எடை’ என்று தட்டி, ‘கன்டினியூ’ கொடுங்கள். வாட்ச் என்பது காவல். அந்த நினைவக இடத்தின் மதிப்பை யார் மாற்றினாலும், நிரலின் எந்த மூலையிலிருந்து மாற்றினாலும், உடனே நிறுத்திவிடும். செயலியே இதைக் கவனிப்பதால் வேகமும் குறையாது. ஜிடிபியில் எனக்கு மிகவும் பிடித்த கட்டளை இதுதான்.

உடனே நின்றது. பழைய மதிப்பு 12, புதிய மதிப்பு 36271. நின்ற இடம் மறுபடி நூலகத்துக்குள். ‘அப்’ போனால் பெயரை நகலெடுக்கும் வரி. எடையைத் தொடாத வரி எடையை மாற்றியிருக்கிறது.

நினைவகத்தை நேரடியாகப் பார்க்க ‘எக்ஸ்’ கட்டளை. ‘எக்ஸ்/20யூபி &பதிவு’ என்றால் அந்த இடத்திலிருந்து 20 பைட்டை எண்ணாகக் காட்டும், ஒரு வரிசைக்கு எட்டு. முதல் மூன்று பைட் 224, 174, 149. அதுதான் ‘க’. எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும், காலுக்கும் புள்ளிக்கும் தனித்தனியாக மூன்று. கணவாய் என்பதில் க, ண, வ, கால், ய, புள்ளி என்று ஆறு குறியீடு, ஆக 18 பைட். முடிவைக் காட்டும் பூஜ்யம் சேர்த்து 19. பெயருக்கு இருக்கும் இடமோ 16. கடைசிப் புள்ளியின் மூன்று பைட்டில் 224 மட்டும் உள்ளே அடங்கியது. மூன்றாவது வரிசையில் 175, 141, 0, 0. அந்த நாலு பைட்தான் எடை. 141ஐ 256ஆல் பெருக்கி 175 கூட்டுங்கள், 36271 வரும். ‘ய்’ மேல் இருக்கிற புள்ளிதான் எடையாக மாறியிருக்கிறது.

இறாலும் நண்டும் ஏன் ஒழுங்காக இருந்தன என்பதும் இதிலேயே தெரியும். இரண்டுமே ஐந்து குறியீடு, 15 பைட், பூஜ்யத்தோடு சரியாக 16. நெத்திலி எழுதியிருந்தால் எடை மைனஸிலேயே போயிருக்கும். ஆங்கிலத்தில் எழுதிச் சோதித்த யாருக்கும் இந்தப் பிழை கண்ணில் பட்டிருக்காது.

பெயருக்கு 64 பைட் ஒதுக்கி, ‘எஸ்டிஆர்காப்பி’க்குப் பதில் அளவு பார்த்து எழுதும் ‘எஸ்என்பிரின்ட்எஃப்’ போட்டோம். அது இடம் போதாத பெயரை நடு எழுத்தில் வெட்டிவிடும், அதனால் இடத்தைத் தாராளமாகவே கொடுங்கள்.

கேட்டவர்களுக்காகப் பிறகு சேர்த்தவை

நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் போட்டால் ஒரே நொடியில் பிடித்திருக்கலாமே என்று இரண்டு பேர் கேட்டார்கள். நல்ல கருவி, நானும் எப்போதும் வைத்திருக்கிறேன். ஆனால் கணவாய் வழிந்தது அதே ஸ்ட்ரக்டுக்குள் இருக்கும் பக்கத்து உறுப்பில். அந்த வழிதலை அது கண்டுகொள்ளாது, அதே வகைக் கருவியான வால்கிரைண்டும் கண்டுகொள்ளாது. நெத்திலி என்றால் 25 பைட், 24 பைட் ஸ்ட்ரக்டைத் தாண்டிவிடும். அப்போது சானிடைசர் பிடிக்கும்.

தமிழ்ப் பெயரைப் பிரின்ட் செய்தால் \340\256 என்று வருகிறது என்றார் உச்சிப்புளியிலிருந்து ஒருவர். டெர்மினலின் மொழி அமைப்பு யூடிஎஃப்-8இல் இல்லை. அதைச் சரிசெய்யுங்கள், அல்லது ஜிடிபிக்குள் ‘செட் சார்செட் யூடிஎஃப்-8’ (யூடிஎஃப் மட்டும் பெரிய எழுத்தில்) கொடுத்துப் பாருங்கள்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள் ‘-பி’யும் அதன் ப்ராசஸ் எண்ணும் கொடுத்து நுழையலாம். உபுண்டுவில் ‘அனுமதி இல்லை’ என்று வந்தால் ‘சூடோ’ சேருங்கள்.

மூல நிரலைத் திரையின் மேல்பாதியில் பார்க்க கன்ட்ரோல்-எக்ஸ் அமுக்கி ‘ஏ’ தட்டலாம். நிரல் எதையாவது அச்சிட்டால் அந்தத் திரை கலைந்துவிடும். கன்ட்ரோல்-எல் அடித்தால் சரியாகும். எனக்கு ‘லிஸ்ட்’ கட்டளையே போதும். வெறும் என்டர் அடித்தால் முந்தைய கட்டளை மறுபடி ஓடும், ‘நெக்ஸ்ட்’ தட்டித் தட்டி விரல் வலிக்க வேண்டாம்.

உதவி கேட்டு எழுதுகிறவர்கள் திரையை ஃபோட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம், எண்கள் படிக்கவே முடிவதில்லை. ஜிடிபிக்குள் ‘செட் லாகிங் எனேபிள்ட் ஆன்’ (பழைய பதிப்பில் ‘செட் லாகிங் ஆன்’) தட்டிவிட்டு, ‘பிடி’யும் ‘இன்ஃபோ லோக்கல்ஸ்’உம் ஓட்டுங்கள். அதே ஃபோல்டரில் ஜிடிபி பெயரில் ஒரு டெக்ஸ்ட் கோப்பு உருவாகியிருக்கும். அதையும், நிரல் தவறிய அந்த ஒரு வரித் தரவையும் சேர்த்து அனுப்புங்கள்.