கொடுவாவுக்கு ராடும் லூரும்: வாங்கும்போது செய்கிற தவறுகள்

முதல் தவறு கடைக்குப் போவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. யூடியூபில் ‘பாஸ் ஃபிஷிங்’ என்று தேடுகிறோம். அமெரிக்காக்காரர் ஒருவர் பளபளக்கிற படகில் நின்றுகொண்டு, சின்ன ரப்பர்ப் புழுவை ஏரித் தரையில் மெல்ல ஊரவிட்டு மீன் பிடிக்கிறார். அதே ராடு (தூண்டில் கோல்), அதே லூர் (போலி இரை) என்று பட்டியல் போட்டு வாங்கிக்கொண்டு முட்டுக்காட்டுக்கோ பழவேற்காட்டுக்கோ கிளம்பிவிடுகிறோம். அங்கே அந்த மீனே கிடையாது.

அவர் பிடிக்கிறது லார்ஜ்மவுத் பாஸ், வட அமெரிக்காவின் நன்னீர் மீன். நம்மூரில் பாஸ் என்று சொல்லத்தக்கது சீ பாஸ், அதாவது கொடுவா. வங்காளிகளுக்கு பேட்கி, ஆஸ்திரேலியர்களுக்கு பாராமுண்டி. 1932-இல் ஜார்ஜியாவில் பிடிபட்ட லார்ஜ்மவுத் பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ், கிட்டத்தட்ட 10 கிலோ. 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் அதற்குச் சமமாக இன்னொன்று கிடைத்தது. அந்த இனத்தின் உலக சாதனையே அவ்வளவுதான். கொடுவா 40 கிலோவைத் தாண்டியும் வளரும். உப்பங்கழியில் நமக்கு மாட்டுவது பெரும்பாலும் சின்னதுதான். ஆனாலும் அடுத்த கடி எத்தனை கிலோ என்று சொல்ல முடியாத தண்ணீர் அது.

நானும் அந்தப் பட்டியலோடு போனவன்தான். ஆறரை அடி மெல்லிய ராடு, நூல் மாதிரி பிரெய்டு (பின்னிய தூண்டில் நரம்பு), அதன் நுனியில் நேராக முடிச்சுப் போட்ட ரப்பர்ப் புழு. முதல் மூன்று மணி நேரம் பேத்தை மீன்கள் புழுவின் வாலைக் கத்தரித்துக் கத்தரித்துத் தின்றன. ஒரு பாக்கெட் காலி. அப்புறம் ஒரு பெரிய கடி, ஒரு துள்ளல், வெள்ளியாய் ஒரு மின்னல், கையில் வெறும் நூல். பக்கத்தில் கைத்தூண்டிலில் உயிர் இறால் கோத்துப் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் என் நூலின் நுனியைத் தடவிப் பார்த்தார். “இன்னா தம்பி, அது செவுள்ல கத்தி வெச்சிகினு சுத்துது, நீ நூல நீட்டிகினு நிக்கிற?”

செவுளில் கத்தி

அவர் சொன்னது நிஜம். கொடுவாவின் செவுள் மூடி ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். வாய்க்குள் சீலாவுக்கு இருப்பதுபோல் கோரைப் பல் இல்லை, உப்புத்தாள் போன்ற சொரசொரப்புதான். இரையைக் கடித்து வெட்டாது. தண்ணீரோடு சேர்த்து ‘டப்’ என்று உறிஞ்சும். மாட்டியதும் தலையை ஆட்டி ஆட்டித் துள்ளும்போது நரம்பு செவுளிலும் வாயிலும் உரசிக்கொண்டே இருக்கும். பிரெய்டு இழுவைக்குத்தான் பலம். உரசலில் சட்டென்று போய்விடும்.

ஆக, ராடுக்கும் லூருக்கும் முன்னால் பணம் போட வேண்டிய இடம் லீடர், அதாவது பிரெய்டுக்கும் லூருக்கும் நடுவே கட்டுகிற கனத்த நரம்புத் துண்டு. 30 முதல் 40 பவுண்டு தாங்கும் ஃப்ளூரோகார்பன் நரம்பு அல்லது கனத்த மோனோ (ஒற்றை இழை நைலான்), இரண்டு மூன்று அடி போதும். பாலத் தூண்களில் சிப்பி ஒட்டியிருக்கும் இடமென்றால் இன்னும் கொஞ்சம் நீளமாக. ஒவ்வொரு மீனுக்கும் பிறகு விரலால் நீவிப் பார்த்து, சொரசொரப்பு தட்டினால் அந்தத் துண்டை வெட்டி எறியுங்கள். இதற்குச் சோம்பல்பட்டு நல்ல மீனை விட்டவர்கள் கணக்கில்லை. சிலர் பயந்துபோய் இரும்புக் கம்பி லீடர் கட்டுகிறார்கள். சீலாவுக்குச் சரி. கொடுவாவுக்குத் தேவையில்லை, லூரின் ஆட்டத்தையும் அது கெடுத்துவிடும். பெரிய ஸ்விவல் கொக்கி (நரம்பு முறுக்காமல் சுழல்கிற இணைப்பு) மாட்டுவதும் அப்படித்தான். லீடரை லூரில் இறுக்கிக் கட்டாமல் சின்ன வளையம் விட்டுக் கட்டினால் லூர் தானாக நெளியும்.

ராடில் எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்குவது

கடையில் ராடை எடுத்ததும் எல்லோரும் செய்வது நுனியை ஆட்டிப் பார்ப்பது. நானும் செய்வேன், பழக்கம் விடவில்லை. ஆனால் விஷயம் கைப்பிடிக்குச் சற்று மேலே பொடி எழுத்தில் இருக்கிறது: நீளம், பவர், ஆக்‌ஷன், எத்தனை கிராம் லூர் வீசலாம், எத்தனை பவுண்டு நரம்பு போடலாம்.

பவர் என்பது ராடை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது. ஆக்‌ஷன் என்பது எந்த இடத்தில் வளைகிறது என்பது. ஃபாஸ்ட் என்றால் நுனிப்பக்கம் மட்டும் வளையும். மாடரேட் என்றால் பாதி வரைக்கும் வளையும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து, விறைப்பாக இருந்தால் பெரிய மீனுக்கு நல்லது என்று வாங்குவதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. பிரெய்டு கொஞ்சம்கூட நீளாது. ராடும் விறைப்பாக இருந்துவிட்டால் மீனின் ஒவ்வொரு தலையாட்டலும் நேராகத் தூண்டில் முள்ளில் போய் இடிக்கும். மும்முள் தொங்குகிற கட்டை லூரில் (மீன் உருவில் கெட்டியாகச் செய்தது) அந்த முட்கள் சின்னவை, பிடிப்பும் குறைவு. இரண்டாவது துள்ளலில் கழன்றுவிடும். அந்த லூர்களுக்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்கிற, மாடரேட் ஃபாஸ்ட் ராடு மேல். ஒற்றை முள் போட்ட ரப்பர் மீனுக்கு ஃபாஸ்ட் சரிவரும், கனத்த முள் ஏறுவதற்கு அந்த விறைப்பு வேண்டும்.

லூர் எடையைக் கவனிக்காமல் விடுவது அடுத்தது. ராடில் 15 முதல் 40 கிராம் என்று போட்டிருந்தால், 7 கிராம் லூர் அதை வளைக்காது. வளையாத ராடு எறியாது. காற்று எதிரில் அடித்தால் லூர் நம் காலடியிலேயே விழும். சில ராடுகளில் அவுன்ஸில் எழுதியிருப்பார்கள்: கால் அவுன்ஸ் சுமார் 7 கிராம், ஒரு அவுன்ஸ் 28 கிராம். உப்பங்கழியில் ஒரே ஒரு ராடுதான் வாங்க முடியும் என்றால், ஏழடி, மீடியம் அல்லது மீடியம் ஹெவி, 7 முதல் 28 கிராம் வரை வீசக்கூடியதை வாங்குவேன். அதில் 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங் ரீல் (ராடுக்குக் கீழே தொங்குகிற, நரம்பு சுற்றும் உருளை), 20 முதல் 30 பவுண்டு பிரெய்டு. ராயபுரத்துக்கு வடக்கே எண்ணூர் வரை கடலுக்குள் நீட்டியிருக்கும் தூண்டில் வளைவுகளின் பாறை மேல் நின்று வீசுகிறவர்களுக்கு மட்டும் எட்டு, ஒன்பது அடி தேவைப்படும். அந்த நீளத்தை முகத்துவாரத்து அலையாத்திப் புதருக்குள் கொண்டுபோனால் கிளையில் மாட்டியே பொழுது போய்விடும்.

மடக்கி மடக்கிப் பையில் வைக்கிற டெலஸ்கோப்பிக் ராடு பைக்கில் போகிறவர்களுக்கு ஆசை காட்டும். வேண்டாம். மணலும் உப்பும் மூட்டுகளில் ஏறினால் ஒருநாள் மூடாது, இன்னொருநாள் திறக்காது. இரண்டு துண்டு ராடு மின்சார ரயிலிலும் அடங்கும். ரயில் என்றதும் ஒன்று: கார்பன் ராடில் மின்சாரம் பாயும். மேலே கம்பி போகிற இடத்தில் ராடைத் தூக்கிப் பிடிக்காதீர்கள், இடி மின்னல் வந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

ஸ்பின்னிங் ரீலுக்கான ராடில் வளையங்கள் கீழ்ப்பக்கம் தொங்கும், முதல் வளையம் பெரிதாக இருக்கும். ரீல் மேலே உட்காருகிற பெயிட்காஸ்டிங் ராடில் வளையமும் மேலே, சின்னது, கைப்பிடியில் விரல் கொக்கி இருக்கும். மாற்றி மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு.

லூர் பெட்டி நிறைந்திருக்கும், முள் நிமிர்ந்துவிடும்

லூரின் நிறங்கள் மீனைப் பிடிப்பதைவிட அதிகமாக மனிதனைப் பிடிக்கின்றன. கடையில் இருபது நிறம் அடுக்கியிருக்கும்போது எதை விட? நான் வாங்கியதில் பாதி இன்னும் தண்ணீரையே பார்க்கவில்லை. உப்பங்கழிக் கொடுவா தின்பது பெரும்பாலும் மடவைக் குஞ்சும் இறாலும். 8 முதல் 12 சென்டிமீட்டர் வெள்ளி நிறத்தில் ஒன்று, பொன் நிறத்தில் ஒன்று போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று வெள்ளம் இறங்கித் தண்ணீர் கலங்கலாகிவிட்டால் பளிச்சென்ற மஞ்சள் பச்சை ஒன்று, நல்ல கறுப்பு ஒன்று. கலங்கலில் மீன் கண்ணைவிட அதிர்வைத்தான் நம்பும். அதனால் உள்ளே மணி கிலுங்குகிற லூரோ, துடுப்பு வால் ஆடுகிற ரப்பர் மீனோ நிறத்தைவிட முக்கியம்.

நிறம் பார்க்கிற நேரத்தில் லூரின் உதட்டைப் பாருங்கள். மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தகடு எவ்வளவு நீளமோ லூர் அவ்வளவு ஆழம் போகும். முட்டுக்காட்டுக் காயல் பல இடங்களில் இடுப்பளவுதான். ஏரிக்கென்று செய்த, மூன்று நான்கு மீட்டர் முங்குகிற லூரை அங்கே வீசினால் அது சேற்றை உழும், அப்புறம் சிப்பியில் சொருகும். ஐநூறு ரூபாய் போச்சு. சின்ன உதடு, நிறுத்தினால் மேலே மிதந்து வருகிற வகை நமக்குத் தோது. இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில்தான் கொடுவா பெரும்பாலும் அடிக்கும். நன்னீருக்காக எடை சரிபார்த்த, அந்தரத்தில் நிற்கிற லூர்கள் உப்புத் தண்ணீரில் மெல்ல மேலே ஏறும், ஏனென்றால் உப்புத் தண்ணீர் கொஞ்சம் கனம். அதைக் கோளாறு என்று நினைத்துக் கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம்.

பெரிய தவறு, லூரோடு வருகிற முள்ளை அப்படியே நம்புவது. நன்னீர் பாஸுக்கென்று வருகிற லூர்களில் முள்ளும் வளையமும் மெல்லிசாக இருக்கும். கொடுவாவின் தாடை மூடுகிற வேகத்தில் அவை நிமிர்ந்துவிடும், உப்பில் ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். வாங்கிய அன்றைக்கே கனத்த, உப்புத் தண்ணீருக்கான முள் மாற்றிவிடுங்கள். புது முள் ரொம்பக் கனமாகிவிட்டால் மிதக்கிற லூர் மூழ்க ஆரம்பிக்கும். வீட்டில் வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். நான் இப்போதெல்லாம் மும்முள்ளுக்குப் பதில் ஒற்றை முள் போடுகிறேன். கழற்றுவது சுலபம், பின்னால் சைக்கிளில் போகிறவரின் சட்டையில் மாட்டும் ஆபத்தும் பாதி.

ஒற்றை முள்ளுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கொடுவா ஆணாக வாழ்க்கையைத் தொடங்கிப் பின்னால் பெண்ணாக மாறுகிற மீன். ஆகவே கையில் வருகிற பெரிய மீன் அநேகமாகப் பெண், முட்டையிடுகிறது. திருப்பி விட மனசு வந்தால், வாய் கிழியாமல் விட முடிய வேண்டும். இதே முட்டுக்காட்டில் ஆய்வு நிலையம் வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம்தான் 1997-இல் இந்தியாவில் முதன்முறையாகக் கொடுவாவை வளர்ப்பில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. சந்தையில் கிடைக்கிற தட்டளவு கொடுவா பண்ணையில் வளர்ந்ததாகவும் இருக்கலாம். ஆற்றில் இருக்கிற பெரியதுக்கு அப்படி மாற்று இல்லை.

விராலுக்கும் அதே செட்டா?

ஆகாயத்தாமரை மூடிய ஏரியில் விராலுக்குப் போகிறவர்கள் கொடுவா செட்டையே தூக்கிக்கொண்டு போய்த் தொங்கிய முகத்தோடு திரும்புவார்கள். மும்முள் லூர் முதல் வீச்சிலேயே கொடியை அள்ளிக்கொண்டு வரும். அங்கே ரப்பர்த் தவளைதான், முள் இரண்டும் முதுகோடு ஒட்டியிருக்கிற வகை. விரால் அடித்த உடனே சுண்டாதீர்கள். ஒரு மூச்சு பொறுத்து, நரம்பு இழுபடுவது தெரிந்த பிறகு. அங்கே விறைத்த ஹெவி ராடும் 40, 50 பவுண்டு பிரெய்டும்தான் சரி, கொடிக்குள் போனதை வெளியே இழுக்க வேண்டுமே. தண்ணீர் மேல் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் மிதந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், பக்கத்தில் தாய் தகப்பன் காவல் நிற்கும். ஏரி யார் குத்தகையில் இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

வீடு திரும்பியதும் நடக்கிற தவறுகள் இரண்டு. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் ரப்பர் லூர்களையும் கட்டை லூர்களையும் ஒரே டப்பாவில் போட்டுவிட்டுச் சித்திரை வெயிலில் நிறுத்துவது ஒன்று. மாலையில் எல்லாம் உருகி ஒரே கட்டி, பெயின்ட்டும் போயிருக்கும். ரப்பரை அதன் சொந்த உறையிலேயே வையுங்கள். இன்னொன்று உப்பு. ரீலையும் ராடு வளையங்களையும் லூர்களையும் அன்றிரவே நல்ல தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும், குழாயைப் பீய்ச்சி அடித்தால் உப்பு ரீலுக்குள் போய்விடும். லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிற மாதங்களில் இதற்கென்று அரை வாளி கேட்டால் வீட்டில் என்ன பேச்சு விழும் என்பது உங்களுக்கே தெரியும். நான் அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறேன்.